கழற்றாமல் விட்ட நான்கு ஸ்க்ரூ

போன மாதம் புனேயின் இன்னொரு மூலையான கராடியிலிருந்து மூன்று பேர் வானவடியில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். மூவரும் சாஃப்ட்வேர் வேலை. இருவருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர், ஒருவருக்குச் சென்னை. சனி ஞாயிறுகளில் சேர்ந்து வாசிக்கிறார்களாம். இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்களைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த பழைய கிட்டார். மற்றது அதே கம்பெனி, அதே அளவில், அதே நிறத்தில், கீறலும் தேய்மானமும்கூட அப்படியே இருக்கும்படி இப்போது செய்து விற்பது. ரீஇஷ்யூ என்பார்கள்.

"அங்கிள், எது விண்டேஜ், எது ரீஇஷ்யூன்னு வெளிய பாத்தே சொல்லணும். நாங்க வீடியோ எடுக்கறோம்," என்றார் சென்னைக்காரர்.

நான் உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தேன். கிட்டாருக்குச் சொந்தக்காரர் பதறிவிட்டார். "ஐயோ, நெக் எல்லாம் கழட்ட வேணாம் அங்கிள். சும்மா ஒரு கெஸ்தான்!"

நெக் என்பது தந்திகள் ஓடும் நீளக் கழுத்து. அதைக் கழற்றாமல் சொல்வதில்லை என்றேன். கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். படி இறங்கும்போது, "பாவம், அவருக்கு மறந்துபோச்சு போல," என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. மறந்திருந்தால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் கேட்டதற்கு நேரில் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். அவர்களுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வருமாம்; படிக்கத் தெரிந்த யாராவது படித்துக் காட்டட்டும்.

எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கம். அப்பா புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் சிவிலியன் ஊழியர். படிப்பு ஏறாத என்னை அங்கேயே ஒயர்லெஸ் பெட்டி பழுதுபார்க்கும் பிரிவில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். அந்த மூன்று வருஷத்தில் என் கையில் ஊறிப்போனவை இரண்டு. ஒயரை ஒட்டவைக்கும்போது பழைய ஈயத்தின்மேல் புது ஈயம் வைக்கக்கூடாது என்பது ஒன்று. ஒரு இணைப்பு கெட்டிருந்தால் பெட்டிக்குள் இருக்கும் அத்தனை இணைப்பையும் உருவிவிட்டு, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதிதாக வைக்க வேண்டும். மற்றது, மூடுவதற்கு முன்னால் வெளியே தெரியாத இடத்தில் பென்சிலால் டோக்கன் எண்ணை எழுதுவது. பின்னால் பழுது வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டும் அல்லவா? என் டோக்கன் எண் 317.

நிரந்தர வேலை கிடைக்கவில்லை. புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு இசைக்கருவிக் கடையில் ரிப்பேர் மேசை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முப்பத்தெட்டு வருஷம் அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடை முதலாளி பெரைரா கோவாக்காரர். ஒல்லி, உயரம், எப்போதும் வெள்ளைச் சட்டை. அவர் பெல்ட் போடமாட்டார். தோளில் மாட்டும் பட்டிதான் அவருடைய கால்சட்டையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பெல்ட்டின் பக்கிள் கிட்டாரின் முதுகைக் கீறிவிடுமாம். காலையில் வந்ததும் நாங்களும் பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும். மேசைமேல் துவைத்த வெள்ளைத் துண்டு விரித்த பிறகுதான் கருவியை வைக்க வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது பழுதைப் பற்றி நாங்கள் முடிவு சொன்னால், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பார்த்தியா, இல்ல தோணிச்சா?" தோன்றியது என்றால் திட்டமாட்டார். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்வார்.

அந்தக் கடையில் இன்னொரு கைக்காரன் விலாஸ். மராட்டியன். மரத்துக்கு வார்னிஷ் மாதிரி லாக்கர் அடிப்பது, மெருகு ஏற்றுவது, நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளை மாற்றுவது எல்லாம் அவன். மரம் சம்பந்தப்பட்டது அவனுக்கு, மின்சாரம் சம்பந்தப்பட்டது எனக்கு. அவன் வீடும் தேஹு ரோட்டில்தான். எனக்குக் கல்யாணமாகி வானவடிக்குக் குடிவரும்வரை ஒரே லோக்கல் ரயிலில் போய் வந்தோம். வருஷம் தவறாமல் கணபதி பண்டிகைக்கு அவன் வீட்டுக்குப் போவேன். அவன் மனைவி சுனந்தாவை நான் வஹினி, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அவர் இரண்டாவது மோதகத்தை வேண்டாம் என்று சொல்லவிடமாட்டார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவன் வேலையைத்தான் புகழ்வார்கள். பளபளப்பு கண்ணுக்குத் தெரியும். நான் வைத்த ஈயத்தை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? இதில் எனக்குப் பொறாமை இருந்தது. இவ்வளவு வயதுக்குப் பிறகு அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

ரீஇஷ்யூக்கள் கடைக்கு வர ஆரம்பித்தபோது, பழையதையும் புதியதையும் பிரித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சிலவற்றைக் கண்டுகொண்டேன். பழைய லாக்கர் தானாகச் சுருங்கும். அதில் ஓடும் மயிரிழை விரிசல்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மனிதக் கையால் வரும் தேய்மானத்துக்குக் காரணம் இருக்கும்: முழங்கை உராயும் இடம், கட்டைவிரல் ஓடும் இடம். ஃபேக்டரியில் தேய்த்த தேய்மானம் அழகாக இருக்கும், காரணம் இருக்காது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழே பிடித்தால் பழைய லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். புது லாக்கர் இருட்டாகக் கிடக்கும். குமிழ்களுக்கு அடியில் இருக்கும் வட்டமான பாகங்களை பாட் என்போம். அவற்றின் முதுகில் செய்த வருஷத்தைக் காட்டும் எண் பொறித்திருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியாக நெக். நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி நெக்கைப் பாடியிலிருந்து பிரித்தால், அதன் அடியில் ஃபேக்டரி போட்ட மாதமும் வருஷமும் இருக்கும். இவற்றில் எது ஒன்றும் தனியாகச் சாட்சி ஆகாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஞானராஜ் பாளையங்கோட்டைக்காரர். இளமையில் பயணிகள் கப்பலில் பேண்டு வாசித்தவர். அங்கே ஒரு துறைமுகத்தில் வாங்கிய தேன்மஞ்சள் நிறக் கிட்டாரைப் பிள்ளைபோல் வைத்திருந்தார். புனேயில் குடியேறிய பிறகு சர்ச்சில் வாசித்துவந்தார். நான் சொல்லவரும் சம்பவம் நடந்தபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. ஃப்ரெட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், சர்ச் ஆண்டுவிழாவுக்குப் பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கடையில் கொடுத்தார். வேலை விலாஸிடம் போனது. ஃப்ரெட் மாற்றினான். விரல்பட்டுக் கறுத்த பலகையைத் தேய்த்துப் புது லாக்கர் அடித்தான். பாடியின் முன்பக்கத்துக்கும் மெல்லிசாக ஒரு பூச்சுக் கொடுத்தான். கேட்டதைத்தான் செய்தான்.

அதே மாதம் கடையில் அதே மாடல், அதே நிறத்தில் ஒரு ரீஇஷ்யூ விற்பனைக்கு நின்றது. அதை மும்பையிலிருந்து வந்த ஒருவருக்கு விற்றவனும் விலாஸ்தான். அன்று கவுன்ட்டரில் வேறு ஆள் இல்லை.

ஞானராஜின் மகன் கிட்டாரை வாங்க வந்தான். வீட்டுக்குக் கொண்டுபோய், குமிழ்கள் இருக்கும் தகட்டைத் திறந்து ஃபோட்டோ எடுத்து இன்டர்நெட்டில் பார்த்திருக்கிறான். மறுநாள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றான். "உள்ள எதுவுமே பழசு இல்ல. எங்கப்பா கிட்டாரை மாத்திட்டீங்க," என்றான்.

பெரைரா துண்டை விரித்தார். என்னைக் கூப்பிட்டார்.

தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கினேன். பாட்களில் இருந்த எண் அறுபதுகளைச் சேர்ந்தது அல்ல; பிறகு எந்த வருஷம் என்று படிக்க நான் மெனக்கெடவில்லை. ஒயர், பழைய காலத்து மாதிரி பஞ்சுநூல் சுற்றிய ஒயர்தான். ஆனால் அழுக்கே இல்லை. பழையதைப்போல் செய்த புதியது என்றால் அது ரீஇஷ்யூதானே என்று மனசு முந்திக்கொண்டது. ஈயம் வைத்திருந்த விதத்தைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மணிமணியாக, ஒரு சொட்டு கூடுதல் இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்து ஃபேக்டரியில் இவ்வளவு சுத்தமாக வைக்கமாட்டார்கள். யாரோ நல்ல கைக்காரன் என்றுகூட நினைத்தேன். ஊதா விளக்கைப் பிடித்தேன். முன்பக்கம் இருட்டாகக் கிடந்தது. கிட்டாரின் எண் பொறித்த பின்தகடு கப்பல் காற்றில் துருப்பிடித்து எப்போதோ மாற்றப்பட்டிருந்ததால், எண்ணை வைத்துச் சரிபார்க்கவும் வழி இல்லை.

ஞானராஜ் கிட்டாரை மடியில் வாங்கி இரண்டு தடவை மீட்டினார். "ஐயா, இது என் கிட்டாருதான்யா. எங்கைக்குத் தெரியாதா?" என்றார்.

"வயசான கை ஏமாந்துடும்ங்க," என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

விலாஸ் மராத்தியில் என்னிடம் மட்டும் சொன்னான்: "முருகேஷ், நெக்கைக் கழற்று. அடியில தேதி இருக்கும்."

கழற்றினால் அவன் அடித்த புது லாக்கர் ஓரத்தில் பெயர்ந்துவிடும், இனி அது தேவையும் இல்லை என்றேன். லாக்கர் பெயரும் என்பது உண்மைதான். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதும் உண்மை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பளபளப்புக்காரனின் குட்டு என் மேசையில் உடைகிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

பெரைரா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பார்த்தியா, இல்ல தோணிச்சா?"

"பார்த்தேன் சார்," என்றேன்.

மும்பைக்காரர் கொடுத்திருந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. நல்லதை அவருக்குக் கொடுத்துவிட்டு ரீஇஷ்யூவுக்கு மெருகேற்றி ஞானராஜின் தலையில் கட்டிவிட்டான் என்று கடை முழுக்கப் பேசியது. போலீஸ் வேண்டாம் என்று ஞானராஜ்தான் கையெடுத்துக் கும்பிட்டார். விலாஸ் தன் ஸ்ப்ரே கன்னைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தான். ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். பதினாறு வருஷம் வேலை செய்த கடையிலிருந்து யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனான். அந்த வருஷ கணபதிக்கு நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அந்தக் கிட்டார் மறுபடி வந்தது. ஈரத்தில் நெக் வளைந்து தந்திகள் இரைந்தன. மகன்தான் கொண்டுவந்தான். "சரி பண்ணி சர்ச்சுக்கே குடுத்துடப் போறோம். அப்பா இதைத் தொடுறதே இல்ல," என்றான்.

கடையில் யாரும் இல்லாத மத்தியானம். நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றி நெக்கைப் பிரித்தேன். அடியில் ஃபேக்டரி முத்திரை, அறுபதுகளின் ஒரு வருஷம், தெளிவாக இருந்தது. நெக் உட்காரும் குழிக்குள் ஒரு சின்ன அட்டைத் துண்டு, நெக்கைச் சற்றே சாய்க்க வைத்தது. தினசரிக் காலண்டரின் பின்னட்டையிலிருந்து வெட்டியது. அதில் "வேலூ" என்று தமிழில் பாதி ஊர்ப்பெயர். அம்மா வருஷா வருஷம் ஊரிலிருந்து வரவழைக்கும் காலண்டர் அது. அட்டைக்குப் பக்கத்தில், மரத்தில், பென்சிலால் 317.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. கடைக்கு வந்த இரண்டாம் வருஷம், கப்பல்காரர் ஒருவர், கரகரவென்று இரையும் கிட்டார். டெப்போவில் பழகியபடி உள்ளே இருந்த அத்தனையையும் உருவி எறிந்தேன். பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் வாங்கிய ராணுவப் பஞ்சுநூல் ஒயரை ஓட்டினேன். புது பாட் போட்டு, மணிமணியாக ஈயம் வைத்தேன். இரைச்சல் போய்விட்டது என்றுதான் அவரிடம் சொல்லியிருப்பேன், உள்ளே மாற்றியதைச் சொல்லியிருக்கமாட்டேன். முப்பது வருஷம் தாங்கும் என்று பெருமைப்பட்டிருப்பேன். பதினேழு வருஷம் கழித்து, என் கை வேலையையே சாட்சியாக வைத்து விலாஸைத் திருடனாக்கினேன்.

உடனே சொன்னேனா? இல்லை. நெக்கைத் திரும்பப் பூட்டி, ஈரம் காயவேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக் கிட்டாரை அலமாரியில் வைத்தேன். பதினோரு நாள். காலையில் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பக்கத்து ஆணி காலியாக இருக்கும். சாயங்காலம் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

பன்னிரண்டாம் நாள் பெரைராவின் எதிரில் துண்டை விரித்து, நெக்கைக் கழற்றிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். அந்த எண்ணை விரலால் தொட்டார். "அன்னைக்கு நான் கேட்டேனே முருகேஷ்," என்றார். வேலையை விட்டுப் போகச்சொல்வார் என்று நின்றேன். அவர் துண்டை மடித்துக்கொண்டே, "முதல்ல நீ போ. அப்புறம் நான் போறேன்," என்றார்.

வீடு பக்கத்திலேயே என்பதால் ஞானராஜிடம் முதலில் போனேன். உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து, நெக்கின் முதுகில் கட்டைவிரலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் அப்பவே சொன்னேம்லா," என்றார். கட்டைவிரலை நிறுத்திவிட்டு, "ஆனா நீங்க சொன்னபொறவு எனக்கே ஒட்டலய்யா. எடுத்து வாசிச்சா யாரோ பெத்த பிள்ளையத் தூக்கி வச்ச மாரி இருந்துச்சு. ரெண்டு வருஷம் பொட்டிக்குள்ளயே போட்டுட்டேன்," என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஆமா, அந்தத் தம்பி எங்க இருக்கான்? அவங்கிட்டச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? போங்கய்யா," என்றார்.

கராடிக்காரர்கள் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எது உசத்தி என்பதும் அவர்கள் கேள்வியில் அடக்கம். செய்நேர்த்தியில் இன்றைய ரீஇஷ்யூ பல சமயம் பழையதைவிட மேல். சத்தத்தில் வித்தியாசம் உண்டு, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டால் நானே பாதி தடவை தவறுவேன். எதையும் மூடிவைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓய்வுபெறும்வரை, நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றாமல் ஒரு கிட்டாரைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை. பெரைரா மறுவாரம் சொன்னபடி தானே போய் விலாஸைத் திரும்ப அழைத்தார். அவன் மரியாதையாக டீ கொடுத்து, வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

நான் போனது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்குக் கீழேயே ஒரு கராஜில் ஆட்டோ ரிக்‌ஷாவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான் விலாஸ். மூக்கில் கைக்குட்டை. தலை அதிகமாக நரைத்திருந்தது. நாங்கள் பேசியது மராத்தியில், தமிழில் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஸ்ப்ரே கன்னை நிறுத்தாமல் கேட்டான். முடித்ததும் நிறுத்தினான்.

"எப்பக் கண்டுபிடிச்சே?"

"பதிமூணு நாள் ஆச்சு."

"பதிமூணு நாள்," என்று மட்டும் சொன்னான். கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் காலில் விழுந்திருப்பேன். அவன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. மேல வா. அவகிட்டச் சொல்லு."

மாடியில் சுனந்தா தரையில் உட்கார்ந்து செய்தித்தாளில் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். நான் கழற்றிய இரண்டு ஸ்க்ரூ, கழற்றாத நான்கு ஸ்க்ரூ, மரத்தில் இருந்த என் எண், பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னது, எதையும் விடவில்லை. நான் முடிக்கும்வரை அவர் இலைகளைக் கிள்ளிக்கொண்டேயிருந்தார்.

"அப்போ இவர் எடுக்கலையா?"

"எடுக்கல வஹினி. யாருமே எடுக்கல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற புருஷனைப் பார்த்தார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு சாவியை உருவினார். அந்த வீட்டில் பணமும் நகையும் இருக்கும் பீரோவின் சாவி. கணபதிக்கு வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறேன்; சமையலறை வாசலில் ஓர் ஆணியில்தான் எப்போதும் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். இப்போது அந்த ஆணி வெறுமனே இருந்தது. அதற்குக் கீழே, சாவி ஆடி ஆடிச் சுவரில் விழுந்த பழைய தடம் இன்னும் இருந்தது.

சுனந்தா சாவியை அந்த ஆணியில் மாட்டினார். பிறகு வந்து உட்கார்ந்து மீதிக் கீரையை ஆய ஆரம்பித்தார். விலாஸ் சாவியைப் பார்த்தபடி நின்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.